பழி மழைமேல்

நாகப்பட்டினத்தில் என் அத்தை வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு டிஷ் நிற்கிறது. 60 சென்டிமீட்டர் அகலம். பொருத்திய புதிதில் பளிச்சென்று இருந்தது. இன்று விளிம்பைச் சுற்றித் துரு ஏறி, முகத்தில் காக்கை எச்சம் காய்ந்து, கடற்காற்றில் நிறம் மங்கிக் கிடக்கிறது. கடந்த ஐப்பசியில் ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தேன். முதல் நாள் மாலை தூறல் ஆரம்பித்தது. குடை எடுக்காமலே கடைக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். அதற்குள் அத்தை பார்த்துக்கொண்டிருந்த தொடரில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. குரல் வெட்டி வெட்டி வந்தது. பிறகு திரை கறுத்து, சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் நின்றது.

"மழ வந்தா இதுக்கு இதே வேலதான் தம்பி" என்றார் அத்தை. "முன்னெல்லாம் இடியும் மின்னலுமா கொட்டுனாத்தான் போவும். இப்ப நாலு தூத்தல் விழுந்தாலே போயிடுது."

நோயின் வரலாறு முழுவதையும் அத்தை இப்படிச் சொல்லி முடித்துவிட்டார். தூறல் அன்றும் தூறல்தான், இன்றும் தூறல்தான். அன்று அதைத் தாங்கிய டிஷ் இன்று தாங்கவில்லை. அப்படியென்றால் பதினான்கு ஆண்டுகளில் குறைந்துபோனது எது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. விடை கிடைத்துவிட்டால் ஸ்பானர் எதில் வைக்க வேண்டும் என்பதும் தானே தெரிந்துவிடும்.

கடலுக்கு மேலே ஒரு புள்ளி

அத்தை வீட்டு டிஷ் தென்கிழக்கே பார்க்கிறது. அந்தத் திசையில் வங்கக் கடலைத் தாண்டிப் போய், சுமத்ரா தீவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டில் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஜிசாட்-15 இருக்கிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் போன இந்தியச் செயற்கைக்கோள் அது. தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ் சேவையும் இந்த இடத்திலிருந்துதான் இறங்குகிறது.

அந்த உயரத்தில் ஒரு கோள் பூமியைச் சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளவும் அதே நேரம்தான். அதனால் நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டே இருந்தாலும் நம் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அது நிலைகுத்தி நிற்கிறது. அந்த உயரத்தில் மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 அக்டோபரில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1975-76-ல் நாசாவின் ஏடிஎஸ்-6 கோள் வழியாக இந்தியாவின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தபோது, இஸ்ரோ கொழும்பிலிருந்த அவர் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. அந்தக் கிராமங்களில் வைத்தவை கோழிவலை போன்ற கம்பிவலையால் ஆன, பத்தடி அகல டிஷ்கள். இன்று இரண்டடி போதும். கோளின் சக்தியும் அலையின் அதிர்வெண்ணும் கூடியதால் டிஷ் சுருங்கியது.

சுருங்கிய டிஷ்ஷில் வந்து விழுவது எவ்வளவு? கோளில் ஓர் அலைவரிசைத் தொகுப்பை அனுப்பும் பெருக்கியின் சக்தி நூறு, நூற்றைம்பது வாட். பழைய குண்டு பல்பு ஒன்றிரண்டின் அளவு. அதை இந்தியா முழுவதும் பரப்பி, நாகப்பட்டினத்துக்கு 36,100 கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது, இரண்டடி டிஷ் அள்ளிக்கொள்வது ஏறத்தாழ ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதிலிருந்துதான் தொடரும் செய்தியும் கிரிக்கெட்டும் எழுந்து வருகின்றன. இவ்வளவு சிறிய வரவை வைத்துக் குடும்பம் நடத்தும் கருவியில் சின்ன ஒழுகல்கூடப் பெரிய நட்டம்.

கையிருப்பு

பொறியாளர்கள் இந்த வரவுசெலவை டெசிபலில் எழுதுவார்கள். சக்தி பாதியானால் 3 டெசிபல் போயிற்று. பத்தில் ஒன்றானால் 10 டெசிபல். ஒரு டெசிபல் போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. டெசிபலில் எழுதினால் இழப்புகளைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம், கூட்டினால் போதும். மளிகைக் கணக்கு மாதிரி வரிசையாக எழுதிக் கடைசியில் கோடு போட்டுக் கூட்டிவிடலாம்.

படம் தெளிவாகத் தெரிய, சிக்னல் இரைச்சலைவிட இத்தனை டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. நல்ல டிஷ், நல்ல வானம் என்றால் அந்த வரம்புக்கு மேலும் சில டெசிபல் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கையிருப்பு என்று சொல்லிக்கொள்வோம். மழை வந்தால் எடுத்துச் செலவழிக்க வைத்திருக்கும் பணம் அது.

கையிருப்பு கரைவது நம் கண்ணுக்குத் தெரியாது. பழைய அனலாக் தொலைக்காட்சியில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி கூடும். அதைப் பார்த்துவிட்டு யாராவது மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார்கள். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஒளிபரப்போடு கூடவே பிழைதிருத்தக் குறியீடும் வருகிறது. 1960-ல் இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் வகுத்த கணிதம் அதில் ஒன்று. முதல் தலைமுறை டிஜிட்டல் டிஷ் முறையில் 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் கூடுதலாக வரும். வழியில் 8 பைட் வரை கெட்டுப்போனாலும் செட்டாப் பாக்ஸ் அவற்றைக் கணக்கிட்டு மீட்டுவிடும். ஒன்பதாவது கெட்டால் கைவிட்டுவிடும். அதனால் சிக்னல் ஆண்டுக்கணக்காகத் தேய்ந்துகொண்டிருந்தாலும் படம் முதல் நாள் போலவே பளிச்சென்று இருக்கும். பிழைகள் அந்த எட்டைத் தாண்டும் நாளில் திடீரென்று உடையும். நமக்குத் தெரிவது கடைசிப் படி மட்டும்தான்.

இப்போது மழையின் கணக்கைப் பார்ப்போம். ஜிசாட்-15-லிருந்து வரும் அலை 11 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அலைநீளம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் போதுமானவை. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை, கிலோமீட்டருக்கு 2 டெசிபல் அளவில் தின்கிறது. நம் ஊரில் அலை மழைக்குள் கடக்கும் தூரம் சில கிலோமீட்டர் இருக்கும். ஆகவே பெருமழை 6, 8 டெசிபலை வாரிக்கொண்டு போகலாம். நல்ல டிஷ்கூட அப்போது சில நிமிடம் பேச்சிழக்கும்.

ஆனால் மணிக்கு 5 மில்லிமீட்டர் பெய்யும் தூறல்? கிலோமீட்டருக்கு 0.12 டெசிபல். ஐந்து கிலோமீட்டர் மழைக்குள் வந்தாலும் 0.6 டெசிபல்தான். ஒரு டெசிபல்கூட எடுக்காத தூறலுக்குப் படம் போகிறதென்றால், அமைப்பின் கையிருப்பு ஒரு டெசிபலுக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். மிச்சப் பணத்தையெல்லாம் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். கடைசி ஒரு ரூபாயை எடுத்த தூறல்மேல் பழி விழுகிறது.

மாடி ஏறுமுன்

பழுது நம் வீட்டில்தான் இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சேவை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். அவர்களுக்கும் போயிருந்தால் காரணம் மேலேயே இருக்கலாம். 2010 ஜூலை 7 அன்று, அப்போது இதே 93.5 பாகையில் இருந்த இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்வழங்கல் கோளாறாகி, அலைவரிசைத் தொகுப்புகளை அனுப்பும் அதன் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்று எந்த மொட்டைமாடியில் யார் என்ன திருகியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ஆண்டுக்கு இருமுறை சூரியனும் இந்த வேலையைச் செய்யும். நாகப்பட்டினத்திலிருந்து பார்த்தால் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள்கள், காலை 11 மணியை ஒட்டி, சூரியன் சரியாக அந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலை வீசும் பொருள் என்பதால் டிஷ்ஷின் காதுக்குள் இரைச்சல் நிரம்பும். சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும்.

பக்கத்து வீட்டில் படம் தெளிவாக ஓடுகிறது என்றால் செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று வலிமை, இன்னொன்று தரம். பெரும்பாலோர் வலிமையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கேபிள் வழியாக வந்து சேரும் மொத்தச் சக்தியைத்தான் அது சொல்கிறது, இரைச்சலையும் சேர்த்து. சந்தைக்குள் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது வலிமை. அந்தச் சத்தத்துக்குள் நம் ஆள் பேசுவது எவ்வளவு புரிகிறது என்பது தரம். வலிமை நிறைய இருந்து தரம் குறைந்திருந்தால் கேபிள் வழி திறந்திருக்கிறது, ஆனால் டிஷ் கோளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிளோ, டிஷ்ஷின் கைமுனையில் சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி.யோ செத்திருக்கிறது.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. நோட்டில் எழுதினேன்: தெளிந்த வானம், வலிமை 82, தரம் 34. இந்த எண்கள் அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். இன்னொரு பெட்டியோடு ஒப்பிட முடியாது. ஆனால் இதே பெட்டியின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. கூடவே இன்னொன்றையும் குறித்தேன்: சில சேனல்கள் வெயிலிலும் வரவேயில்லை. "அதெல்லாம் போயி ஆறு மாசமாச்சு தம்பி. நான் பாக்குறது வருது, விடுன்னுட்டேன்" என்றார் அத்தை. அந்தச் சேனல்கள் பின்னால் பெரிய சாட்சியாக வந்தன.

மரமும் நிழலும்

பழுது தேடுவதற்கு ஒரே ஒழுங்குதான் உண்டு. சிக்னல் வரும் வழியிலேயே நாமும் நடக்க வேண்டும்: வானம், டிஷ், எல்.என்.பி., கேபிள், பெட்டி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதும் தரத்தை எழுத வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

வானத்தில் பார்க்க வேண்டியது மறைப்பு. பதினான்கு ஆண்டில் வேப்பங்கன்று மரமாகிவிடும். பக்கத்து வீட்டில் மாடி எழுந்துவிடும். நாகப்பட்டினத்தில் இந்தக் கோள் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், உச்சிக்குச் சற்றே கீழே நிற்கிறது. ஆகவே தென்கிழக்கே 3 மீட்டர் தள்ளி நிற்கும் மரம், டிஷ்ஷைவிட 8 மீட்டர் உயர்ந்தால்தான் குறுக்கே வரும். டிஷ்ஷைப் பார்த்தால் இவ்வளவு மேலே நோக்குவதாகத் தெரியாது. அது முழுப் பரவளையத்தின் ஒரு பக்கத் துண்டு என்பதால், முகம் காட்டும் திசைக்கும் அது உண்மையில் பார்க்கும் திசைக்கும் இருபது பாகைக்கு மேல் வித்தியாசம் உண்டு. முகம் நேரே காட்டும் இடத்தில் இருக்கும் மரத்தை வெட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு.

மறைப்பு இருக்கிறதா என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள, மேலே சொன்ன சூரிய நாள்களைப் பயன்படுத்தலாம். மார்ச் நடுவில் காலை 11 மணி 15 நிமிடத்தை ஒட்டிச் சூரியன் கோளின் இடத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் டிஷ்ஷின்மேல் மரத்தின் நிழல் விழுந்தால், கோளிலிருந்து வரும் அலையையும் அதே கிளை மறைக்கிறது. நிழல் விழவில்லை என்றால் மரத்துக்கு விடுதலை. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். அத்தை வீட்டில் நாங்கள் பார்த்தது ஐப்பசியில் என்பதால் கோணத்தை அளந்தோம். பின்வீட்டு முருங்கை குற்றமற்றது.

துணிக்கொடியின் கதை

அடுத்தது டிஷ். இரண்டடி டிஷ் இந்த அலைநீளத்தில் ஏறத்தாழ 3 பாகை அகலமுள்ள கூம்பை மட்டுமே பார்க்கிறது. கோள் கூம்பின் நடுவிலிருந்து ஒரு பாகை விலகினால் கால் பங்கு சக்தி போகும். ஒன்றரைப் பாகை விலகினால் பாதி போகும். கணக்கில் சிறியதாகத் தெரியும் ஒரு பாகை மாடியில் எவ்வளவு தெரியுமா? டிஷ்ஷின் மேல் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் முன்னே வந்தாலோ பின்னே போனாலோ அது ஒரு பாகை. கட்டைவிரல் நகத்தின் அகலம் கால் பங்கு சிக்னலை எடுத்துவிடும்.

தெருமுனையில் டிஷ் வேலை பார்க்கும் தம்பி ஒருவரைக் கூட்டிவந்தேன். மாடியேறியதும் டிஷ்ஷைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார். பிறகு குழாயின் தலையில் கட்டியிருந்த நைலான் கயிற்றைச் சுட்டினார். அது துணிக்கொடி. ஒரு முனை தண்ணீர்த்தொட்டித் தூணில், மறுமுனை டிஷ் குழாயில்.

"அம்மா, இதுல ஈரப் போர்வ போட்டீங்கன்னா டிஷ்ஷே கும்பிடு போடும்" என்றார்.

"அது அஞ்சாறு வருசமா அங்கதான் கட்டிருக்கு, தம்பி."

"அஞ்சாறு வருசமா சாஞ்சுகிட்டிருக்கும்மா."

தூக்குநூல் விட்டுப் பார்த்தோம். ஒரு மீட்டர் உயரக் குழாய், தலையில் இரண்டு சென்டிமீட்டர் தொட்டிப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பாகைக்குச் சற்று மேல். நங்கூர போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்துத் தளர்ந்து, கையால் அசைத்தால் குழாய் ஆடியது. அவர் கயிற்றை அவிழ்த்து, போல்ட்டை மாற்றி, குழாயைச் செங்குத்தாக்கி இறுக்கினார். பிறகு கிடைக்கோணத்தையும் உயரக்கோணத்தையும் நூலிழை நூலிழையாக நகர்த்தினார். கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் எண்ணைக் கத்திச் சொன்னேன். பெட்டி கணக்குப் போட்டுச் சொல்ல ஓரிரு விநாடி ஆகும் என்பதால் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் உச்சத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தரம் 34-லிருந்து 55-க்கு ஏறியது.

டிஷ்ஷின் முகத்தையும் சாய்வெயிலில் ஓரமாக நின்று பார்த்தோம். துருவின் நிறம் ஒரு பொருட்டில்லை. அலை உலோகத்தைத்தான் பார்க்கும், வண்ணத்தைப் பார்க்காது. வடிவம் குலைவதுதான் ஆபத்து. பரவளையத்தின் எல்லாப் பகுதியிலிருந்தும் எதிரொளிக்கும் அலைகள் குவியத்தில் ஒரே தாளத்தில் வந்து சேர வேண்டும். பரப்பு முழுவதும் சராசரியாக 1 மில்லிமீட்டர் மேடுபள்ளம் ஏற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கு போகும். 2 மில்லிமீட்டர் என்றால் பாதிக்கு மேல் போய்விடும். மட்டை விழுந்து நெளிந்த டிஷ்ஷைத் தட்டி நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அத்தையுடையது நெளியாமல் இருந்தது.

குளவியின் வீடு

டிஷ்ஷின் கை நீட்டிப் பிடித்திருக்கும் எல்.என்.பி.தான் இந்த அமைப்பின் உயிர்நாடி. 11.1 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் சாதாரணக் கேபிளில் சில மீட்டரிலேயே மாய்ந்துவிடும். அதனால் எல்.என்.பி. தனக்குள் 9.75 கிகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கி, வந்ததிலிருந்து அதைக் கழித்து, 1.35 கிகாஹெர்ட்ஸாக இறக்கிக் கேபிளில் விடுகிறது. கூடவே சிக்னலை லட்சம் மடங்குக்கு மேல் பெருக்கியும் விடுகிறது.

அதன் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி பார்ப்பதற்கு அற்பமானது. பல ஆண்டு வெயிலில் அது நொறுங்கும் பதத்துக்கு வந்து, மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியே நீர் புகும். உள்ளே நீர்ப்படலம் இருந்தால் மழை நின்ற பிறகும் படம் வராது. இந்த அறிகுறியை நினைவில் வையுங்கள்: வானத்து மழையால் போன படம் மழை ஓய்ந்த சில நிமிடங்களில் திரும்பும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால் ஈரம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

நடுப்பகலில் மட்டும் படம் போய் இரவில் திரும்பினால் அது வேறு நோய். எல்.என்.பி.க்குள் உண்டாகும் அந்த 9.75 கிகாஹெர்ட்ஸ் அலை சூட்டில் நகர்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே ஏறத்தாழ ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். வயதான கருவியில் நகர்வு கூடி, பெட்டி தேடும் எல்லையைத் தாண்டிவிடும். இதற்கு மருந்து இல்லை, எல்.என்.பி.யை மாற்றத்தான் வேண்டும்.

அத்தை வீட்டு எல்.என்.பி.யில் விரிசலும் இருந்தது, குளவிக்கூடும் இருந்தது. மூடியின் ஓரத்தில் ஒரு குளவி மண் குழைத்துப் பூசிக் கட்டிய அறை. காய்ந்த மண் பெரிதாக ஒன்றும் செய்யாது. தூறலில் நனைந்தால் அலையின் வாசலில் ஈரச்சுவர் எழுந்த மாதிரி. புது எல்.என்.பி. போட்டு, பழையது எந்தச் சாய்வில் திருகியிருந்ததோ அதே சாய்வில் திருகி நிறுத்தினார் அந்தத் தம்பி. செங்குத்து, கிடை என்று இருவகை முனைவாக்கத்தில் அலைகள் வருகின்றன. பத்துப் பாகை திருகல் தவறினால் ஒன்றின் சக்தியில் 3 விழுக்காடு மற்றதற்குள் ஒழுகி இரைச்சலாகிவிடும். தரம் 63.

களிம்பேறிய தலை

வெயிலிலும் வராத அந்தச் சேனல்கள் இன்னும் வரவில்லை. "அண்ணே, பாக்ஸ மாத்தணுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நான் மொதல்ல பின்னத்தான் கழட்டுவேன்" என்றார் அவர். பெட்டியின் மின் இணைப்பை எடுத்துவிட்டு வரச்சொன்னார். கேபிளில் சிக்னல் மேலிருந்து கீழே வருகிறது. அதே கேபிளில் கீழிருந்து மேலே எல்.என்.பி.க்கு மின்சாரமும் போகிறது. இணைப்பு இருக்கும்போது கழற்றி, நடுக்கம்பி அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலில் பட்டுவிட்டால் பெட்டி பழுதாகலாம்.

கழற்றிய இணைப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பித்தளைத் தலையின் முலாம் உரிந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உறையைச் சீவியதும் உள்ளே பளபளக்க வேண்டிய அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பியின் செம்புப் பூச்சு கறுத்து, அடியிலிருந்த எஃகு துருப்பிடித்திருந்தது. உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்த வேலை. பின்னலின் இழைகளுக்கிடையே நீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து போகும். ஒரு முழம் வெட்டியும் கறுப்பு தீரவில்லை. மூன்றாவது முழத்தில்தான் வெள்ளி தெரிந்தது.

வராத சேனல்களின் புதிர் இங்கே அவிழ்ந்தது. எல்.என்.பி. எந்த முனைவாக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதைப் பெட்டி மின்னழுத்தத்தால் சொல்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடை. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 15 வோல்ட்டில் எல்.என்.பி. முடிவு மாறும். அது இழுக்கும் மின்னோட்டம் 0.15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், களிம்பேறிய இணைப்பில் 20 ஓம் தடை ஏற்பட்டாலே 3 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். பெட்டி 18 என்று சொன்னது மேலே 15-ஆகக் கேட்கிறது. அதற்கும் கீழே இறங்கினால் எல்.என்.பி. செங்குத்திலேயே நின்றுவிடும், கிடையில் வரும் சேனல்கள் அத்தனையும் மறையும். போன சேனல்கள் எல்லாம் ஒரே முனைவாக்கத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஆம் என்றால் சிக்னலைத் தேட வேண்டாம், மின்சாரத்தைத் தேடுங்கள். மல்ட்டிமீட்டர் வைத்து எல்.என்.பி. முனையில் அளந்தபோது 14-க்குச் சற்று மேல் காட்டியது. இரு முனையிலும் புதுத் தலை போட்டு, மழை படாத உறை மாட்டி, கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டினார். வழிந்து வரும் நீர் தலைக்குள் நுழையாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். அளந்தால் 17-க்கு மேல். அத்தையின் சேனல்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு வந்தன.

இந்த இடத்தில் பலர் கடையில் ஒரு பூஸ்டர் வாங்கிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். காசு வீண். பல பெருக்கிகள் தொடராக இருக்கும் அமைப்பில் முதல் பெருக்கிதான் இரைச்சலின் தலையெழுத்தை எழுதுகிறது என்பதை 1944-ல் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரீஸ் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். நம் வீட்டில் முதல் பெருக்கி எல்.என்.பி. அதன் வாசலில் இரைச்சலோடு கலந்து வந்த சிக்னலைக் கீழே எத்தனை மடங்கு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும். வலிமைப் பட்டை நிறையும். தரம் அப்படியே இருக்கும்.

கடைசியாகப் பெட்டி. பத்து ஆண்டு தாண்டிய பெட்டியின் மின்வழங்கலில் உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்து தலை உப்பும். அப்போது வானிலையோடு சம்பந்தமே இல்லாமல் பெட்டி தானாக அணைந்து எழும், உறையும். பக்கத்து வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து பத்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தையின் பெட்டி நன்றாகவே இருந்தது.

மழையின் பங்கு

நோட்டைப் பார்த்தேன்: 34, 55, 63, புதுத் தலைகளுக்குப் பின் 71. ஒரே ஒரு பெரிய பழுது எங்கும் இல்லை. சாய்ந்த குழாய் கொஞ்சம் எடுத்தது. விரிசல் விட்ட மூடி கொஞ்சம் எடுத்தது. களிம்பு கொஞ்சம் எடுத்தது. தனித்தனியே எதுவும் படத்தை நிறுத்தவில்லை. எல்லாம் சேர்ந்து கையிருப்பைத் துடைத்துவிட்டன. பழைய கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓய்கின்றன. ஒரு குற்றவாளியைத் தேடிப் போகிறவர் ஒன்றைச் சரிசெய்து, படம் பாதி சரியாகி, மீதியை மழைமேல் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். வழி முழுவதும் நடப்பவருக்குத்தான் கணக்கு நேராகும்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தூறல் வந்தது. படம் அசையவில்லை. மறுநாள் இரவு வங்கக் கடலிலிருந்து கறுத்து வந்து கொட்டியது. எதிர்வீட்டு விளக்கு தெரியவில்லை; சாக்கடை பொங்கித் தெரு ஆறாக ஓடியது. படம் உடைந்து, நின்றது. அத்தை எழுந்து ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெருவே தெரியல. இதுக்குப் போனா நியாயந்தான்."

ஏழெட்டு நிமிடத்தில் மழையின் வேகம் தணிந்தது, படம் திரும்பியது. நாள்காட்டியின் பின்னட்டையில் தேதி போட்டு எழுதினேன்: தெளிந்த வானம், தரம் 71. கீழே அடுத்த ஆண்டுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். மழை இல்லாத ஒரு காலையில் அத்தை அந்த எண்ணைப் பார்த்து எழுதிவைப்பார். 71 என்பது 60 ஆகியிருந்தால், தூறலுக்குக் காத்திராமல் மாடியேறிவிடலாம்.